சிட்டி மேனேஜர் நடத்தும் ஊரில் காரியம் நடக்க: டெக்சஸுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு வழிகாட்டி

டல்லஸ், ஆஸ்டின், சான் அன்டோனியோ, பிளேனோ, ஃப்ரிஸ்கோ, இர்விங், ரவுண்ட் ராக் ஆகிய ஊர்களில் நிர்வாகம் ஒரே முறையில்தான் நடக்கிறது. மக்கள் தேர்ந்தெடுத்த சிட்டி கவுன்சில் கொள்கையையும் வரியையும் முடிவு செய்யும். சாலை, குடிநீர், காவல், நூலகம், பூங்கா என்று அன்றாட வேலை முழுவதையும் கவுன்சில் சம்பளத்துக்கு அமர்த்திய சிட்டி மேனேஜர் நடத்துவார். பெரிய ஊர்களில் ஹூஸ்டன் விதிவிலக்கு. அங்கே மேயரே நிர்வாகத் தலைவர்.

தமிழ்நாட்டு மாநகராட்சி ஆணையரோடு சிட்டி மேனேஜரை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. ஆணையரை மாநில அரசு அனுப்புகிறது. அவரை இடமாற்றம் செய்வதும் மாநில அரசுதான். இங்கே மேனேஜரைத் தேடிப்பிடித்து, நேர்காணல் செய்து, ஒப்பந்தம் போட்டு அமர்த்துவது அந்த ஊர்க் கவுன்சில். பிடிக்காவிட்டால் பெரும்பான்மை வாக்கில் அனுப்பிவிடவும் அதனால் முடியும். அவருக்குப் பதவிக்காலம் கிடையாது, தேர்தல் கிடையாது. படிப்பும் அனுபவமும் வேலைத்திறனும்தான் அவரை நாற்காலியில் வைத்திருக்கின்றன.

இந்த அமைப்பைப் புரிந்துகொண்டவர்களுக்கு இங்கே காரியம் சுலபமாக நடக்கிறது. கவுன்சிலரைப் பிடித்தால் எல்லாம் ஆகும் என்று நம்புகிறவர்கள் மாதக்கணக்கில் அலைகிறார்கள். எந்தக் கதவை, எந்த மாதத்தில், எந்தக் காகிதத்தோடு தட்ட வேண்டும் என்பதைக் கீழே வரிசையாகச் சொல்கிறோம்.

1. உங்கள் வீடு உண்மையில் எந்த ஊரில் இருக்கிறது?

கடித முகவரியில் ஆஸ்டின் என்றோ ஃப்ரிஸ்கோ என்றோ இருப்பதால் நீங்கள் அந்த நகர எல்லைக்குள் இருப்பதாக அர்த்தமில்லை. தபால் துறையின் ஊர்ப்பெயர் வேறு, நகராட்சி எல்லை வேறு. எல்லைக்கு வெளியே, முனிசிபல் யூட்டிலிட்டி டிஸ்ட்ரிக்ட் என்னும் தனிக் குடிநீர் மாவட்டத்தில் எத்தனையோ புதிய குடியிருப்புகள் எழுந்திருக்கின்றன. அங்கே இருப்பவர் அந்தக் கவுன்சிலுக்கு வாக்களிக்க முடியாது; அந்த மேனேஜருக்கும் அவருடைய தெருவுக்கும் சம்பந்தமில்லை.

கண்டுபிடிக்க எளிய வழி சொத்து வரி ரசீது. அதில் கவுண்டி (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி), பள்ளி மாவட்டம், கல்லூரி மாவட்டம் என்று வரி வசூலிக்கும் ஒவ்வொரு அமைப்பும் தனித்தனியாகக் காட்டப்பட்டிருக்கும். நகரத்தின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தால் நீங்கள் உள்ளே, இல்லையென்றால் வெளியே. வாடகைக்கு இருப்பவர்கள், சொத்துகளின் மதிப்பைக் கணிக்கும் அமைப்பான கவுண்டி அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் வீட்டு முகவரியைப் போட்டாலே இந்தப் பட்டியல் வந்துவிடும். கட்டணம் இல்லை. வீடு வாங்கப் போகிறவர்கள் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே இதைப் பார்த்துவிடுங்கள்.

2. யாருடைய வேலை என்று பிரித்துக்கொள்ளுங்கள்

சிட்டி ஹாலுக்குப் போகும் புகார்களில் கணிசமானவை சிட்டிக்கே சேராதவை. அடிக்கடி குழப்பம் வரும் இடங்கள் இவை:

பள்ளிக்கூடம் சிட்டியின் கையில் இல்லை. இன்டிபென்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் தனி அமைப்பு. அதற்குத் தனி வாரியம், தனி சூப்பரின்டென்டென்ட், தனி வரி.

வீட்டின் மதிப்பை ஏற்றியது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். அதை எதிர்த்து மனுக் கொடுக்கும் கெடு பொதுவாக மே 15, அல்லது மதிப்பீட்டு நோட்டீஸ் அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இரண்டில் எது பிந்தியதோ அது. ஆகஸ்டில் கவுன்சில் கூட்டத்துக்குப் போய் வீட்டு மதிப்பைக் குறைக்கச் சொல்லிப் பயனில்லை. அங்கே முடிவாவது வரி விகிதம் மட்டுமே.

நெடுஞ்சாலையும் அதன் பக்கச் சாலையும் பெரும்பாலும் மாநிலப் போக்குவரத்துத் துறையுடையவை. உங்கள் குடியிருப்பின் நீச்சல்குளமும் மதில்சுவரும், வாயிற்கதவு போட்ட குடியிருப்பாக இருந்தால் உள்தெருவும்கூட, வீட்டு உரிமையாளர் சங்கத்தின் பொறுப்பு.

மேயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. மேனேஜர் முறை உள்ள ஊரில் மேயர் கூட்டத்துக்குத் தலைமை தாங்குவார், ஊரின் முகமாக இருப்பார், பெரும்பாலான ஊர்களில் ஒரு வாக்குப் போடுவார். சாலைப் பிரிவு ஊழியருக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. கவுன்சில் உறுப்பினருக்கும் இல்லை. ஊழியர்களோடு கவுன்சிலர்கள் மேனேஜர் வழியாகத்தான் பேச வேண்டும், நியமனத்திலும் தண்டனையிலும் தலையிடக் கூடாது என்று ஊரின் அடிப்படைச் சட்டமான நகர சாசனமே பெரும்பாலான ஊர்களில் தடுக்கிறது. "எங்கள் தெருவுக்கு ஆள் அனுப்பச் சொல்லுங்கள்" என்று கேட்டால், கவுன்சிலர் அதை மேனேஜர் அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டு நிற்பதைத் தவிர வேறெதுவும் செய்ய இயலாது. அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தெரிந்தவருக்கு ஒரு நியாயம், தெரியாதவருக்கு ஒரு நியாயம் என்று ஆகிவிடாமல் இருக்கப் போட்ட வேலி அது. நேற்று வந்து இறங்கிய, யாரையும் தெரியாத நமக்கு அந்த வேலி பெரிய பாதுகாப்பு.

3. புகாரைப் பதிவு செய்து எண் வாங்குங்கள்

டல்லஸ், ஆஸ்டின் போன்ற ஊர்களில் 311 என்ற எண்ணை அழைக்கலாம்; மற்ற ஊர்களில் செயலியோ இணையப் படிவமோ இருக்கும். எந்த வழியில் போனாலும் சேவைக் கோரிக்கை எண் ஒன்று கிடைக்கும். அதைக் குறித்து வைக்காமல் அழைப்பைத் துண்டிக்காதீர்கள். துறைத் தலைவர்களின் வேலையை மேனேஜர் அலுவலகம் அளப்பது இந்த எண்களை வைத்துத்தான்: எத்தனை கோரிக்கை வந்தது, எத்தனை நாளில் முடிந்தது, எத்தனை மறுபடி திறந்தது. எண் இல்லாத புகார் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

பதிவு செய்யும்போது தர வேண்டியவை: கதவு எண் அல்லது இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடம், பகலில் எடுத்த ஒரு படம், எப்போதிலிருந்து இருக்கிறது என்ற தேதி, யாருக்கு என்ன ஆபத்து என்று ஒரு வரி. ஒரே படிவத்தில் நான்கு குறைகளைக் கொட்டாதீர்கள். அது ஒரு துறைக்குப் போகும், அந்தத் துறை தன் பங்கை முடித்ததும் கோரிக்கை மூடப்படும், மற்ற மூன்றும் காணாமல் போகும்.

"முடிந்தது" என்று செய்தி வந்தும் வேலை முடியாமல் இருப்பது சாதாரணமாக நடப்பதுதான். ஆய்வுக்கு ஆள் வந்து பார்த்துவிட்டாலே சில துறைகள் கோரிக்கையை மூடிவிடும். அப்போது புதிய புகார் போடாமல் பழைய எண்ணைக் குறிப்பிட்டு மறுபடி திறக்கச் சொல்லுங்கள். புதிதாகப் போட்டால் காலக்கணக்கு முதலிலிருந்து ஓடும்.

குழியில் விழுந்து கார் சேதமானால் அதற்கு வழி தனி. சிட்டிக்கு எழுத்துமூலம் இழப்பீட்டு நோட்டீஸ் கொடுக்க வேண்டும். மாநிலச் சட்டப்படி கெடு 6 மாதம், ஆனால் நகர சாசனம் அதைவிடக் குறுகிய கெடு வைக்கலாம். அதனால் அன்றைக்கே சாசனத்தைப் பாருங்கள். 311-இல் சொன்னது நோட்டீஸ் ஆகாது. சட்டப் பாதுகாப்பு சிட்டிக்கு அதிகம் என்பதால், பணம் கிடைக்கும் என்று நம்பி காரை ரிப்பேர் செய்யாமல் நிறுத்தி வைக்க வேண்டாம்.

4. மேலே எழுதும் வரிசை

கோரிக்கை அசையவில்லை என்றால் முதலில் துறை இயக்குநர், அடுத்து அந்தத் துறையைப் பார்க்கும் அசிஸ்டன்ட் சிட்டி மேனேஜர், அதன் பிறகு சிட்டி மேனேஜர். யார் எந்தத் துறையைப் பார்க்கிறார் என்பதை இணையதளத்தில் உள்ள நிர்வாக வரைபடம் காட்டும். ஒவ்வொரு படியிலும் பத்து வேலை நாளாவது பொறுத்திருங்கள். கவுன்சிலருக்கு நகல் அனுப்பலாம், தவறில்லை. அவருக்கு மட்டும் அனுப்புவதுதான் தவறு.

மின்னஞ்சல் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மாதிரி. ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே அடக்கமும் இதே வரிசையும் இருக்கட்டும்:

"பொருள்: இன்ன பள்ளி எதிரே இன்ன தெருவில் பாதசாரிக் கடப்பு, கோரிக்கை எண் இது. பிப்ரவரி 3 அன்று பதிவு செய்தேன். பிப்ரவரி 20 அன்று 'ஆய்வு முடிந்தது' என்று மூடப்பட்டது. ஆய்வின் முடிவு எனக்கு வரவில்லை. நான் கேட்பவை இரண்டு: ஒன்று, போக்குவரத்துப் பொறியியல் பிரிவு எடுத்த எண்ணிக்கையின் நகல். இரண்டு, கடப்பு அமைக்கத் தகுதி இல்லை என்றால் எந்த அளவுகோலில் தகுதி இல்லை என்ற விவரம். படங்கள் மூன்று இணைத்திருக்கிறேன்."

நாற்பது பேர் ஒரே வாசகத்தை நகலெடுத்து அனுப்புவதை விட இந்த ஒரு கடிதத்துக்கு வலு அதிகம். மேனேஜர் முறையில் முடிவுகள் அளவுகோலின்படி எடுக்கப்படுகின்றன. சிக்னல் விளக்கு வேண்டுமென்றாலும் வாகன எண்ணிக்கை, பாதசாரி எண்ணிக்கை, விபத்துப் பதிவு எல்லாம் பார்த்துத்தான் முடிவாகும். அளவுகோலைக் கேட்டு வாங்கிவிட்டால், எந்தத் தகவல் குறைகிறது என்று தெரிந்துவிடும். அதைச் சேர்த்துக்கொண்டு அடுத்த முறை போகலாம்.

5. கவுன்சில் கூட்டத்தில் பேசுவது

கூட்ட நிகழ்ச்சி நிரலைக் குறைந்தது 3 வேலை நாட்களுக்கு முன்பே வெளியிட வேண்டும். 2025 செப்டம்பர் 1-க்கு முன் இது 72 மணி நேரமாக இருந்தது. நிரலோடு வரும் ஆவணக் கட்டு பல நூறு பக்கம் போகலாம். உங்கள் பொருளுக்கான ஊழியர் குறிப்பை மட்டும் எடுத்துப் படியுங்கள். பின்னணி, செலவு, மேனேஜரின் பரிந்துரை மூன்றும் அதில் இருக்கும்.

நிரலில் உள்ள பொருள் மீது, கவுன்சில் அதை எடுத்துக்கொள்வதற்கு முன்போ எடுக்கும்போதோ பேசும் உரிமை உங்களுக்குச் சட்டப்படி உண்டு. குடியுரிமை தேவையில்லை. பேச விரும்புகிறவர் நிரப்பித் தரும் பேச்சாளர் அட்டையை வாங்கும் நேரம் ஊருக்கு ஊர் மாறும். சில ஊர்களில் கூட்டம் தொடங்கும் வரை வாங்குவார்கள், சில ஊர்களில் மதியமே முடிந்துவிடும். நேரம் பெரும்பாலும் 3 நிமிடம். மொழிபெயர்ப்பாளர் துணையோடு பேசுகிறவருக்குக் குறைந்தது இரு மடங்கு நேரம் தர வேண்டும் என்றும் சட்டத்திலேயே இருக்கிறது. ஊரிலிருந்து வந்து உங்களோடு தங்கியிருக்கும் பெற்றோர் நடைபாதை பற்றித் தமிழில் பேச விரும்பினால், தாராளமாகப் பேசலாம். நீங்கள் மொழிபெயர்க்கப் போவதாக, கூட்டங்களையும் நகர ஆவணங்களையும் கவனிக்கும் அதிகாரியான சிட்டி செக்ரட்டரியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இரண்டு இடத்தில் எல்லோரும் ஏமாறுகிறார்கள்.

முதலாவது கன்சென்ட் அஜெண்டா. வழக்கமான பொருள்களை ஒரே மொத்தமாக, விவாதமில்லாமல், ஒரே வாக்கில் நிறைவேற்றும் பட்டியல் இது. உங்கள் தெருவின் ஒப்பந்தம் அதற்குள் இருந்தால் கூட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் முடிந்துபோகும். அந்தப் பொருளைத் தனியே எடுக்கும்படி காலையிலேயே ஒரு கவுன்சிலரிடம் கேளுங்கள்.

இரண்டாவது, நிரலில் இல்லாத விஷயத்தைப் பேசிவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது. திறந்த கூட்டச் சட்டம் கவுன்சிலை அங்கே விவாதிக்கவே விடாது. உண்மைத் தகவல் ஒன்றைச் சொல்லலாம், நடப்பில் உள்ள கொள்கையை நினைவூட்டலாம், வேறொரு நாள் நிரலில் சேர்க்கச் சொல்லலாம். அவ்வளவுதான். அவர்கள் முகம் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதற்குக் காரணம் இதுதான். எனவே அந்த 3 நிமிடத்தின் கடைசி வாக்கியம், "இதை அடுத்த கூட்ட நிரலில் சேர்க்க வேண்டுகிறேன்" என்று இருக்கட்டும்.

வாக்கெடுப்பு நடக்கும் கூட்டத்தை விட, அதற்கு முந்தைய வொர்க் செஷன் முக்கியம். ஊழியர்கள் விளக்குவதும், கவுன்சிலர்கள் தயக்கத்தைச் சொல்வதும், மேனேஜர் திருத்தத்தை ஏற்பதும் அங்கேதான். வொர்க் செஷனில் உருவாகிவிட்ட முடிவை இரண்டு வாரம் கழித்து மைக்கில் மாற்றுவது கடினம்.

6. ஆவணம் கேட்டு வாங்குவது

டெக்சஸ் பொதுத் தகவல் சட்டத்தின்கீழ் யார் வேண்டுமானாலும் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அவர்கள் கேட்கக் கூடாது. எழுத்தில் இருக்க வேண்டும். சிட்டி அறிவித்திருக்கும் மின்னஞ்சலுக்கோ இணைய வாசலுக்கோ அனுப்புங்கள். தெரிந்த ஊழியரின் தனி மின்னஞ்சலுக்கு அனுப்பினால் கெடு ஓடத் தொடங்கியதாகவே கணக்கில்லை என்று சொல்லிவிட வாய்ப்புண்டு.

சிட்டி தாமதமின்றித் தர வேண்டும். 10 வேலை நாளில் தர முடியாவிட்டால் எந்தத் தேதியில் தரும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். ஏதேனும் ஒன்றை மறைக்க விரும்பினால் அதே 10 வேலை நாளுக்குள் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரலிடம் அனுமதி கேட்க வேண்டும். அவர் தீர்ப்புக்கு 45 வேலை நாள் வரை ஆகலாம்.

செலவு: சாதாரண நகல் பக்கத்துக்கு 10 சென்ட். 50 பக்கம் வரை பொதுவாக ஊழியர் கூலி சேர்க்க மாட்டார்கள். அதற்கு மேல் போனால் மணிக்கு 15 டாலர் கூலி, அதன் மேல் 20 சதவீத மேற்செலவு. மொத்தம் 40 டாலரைத் தாண்டும் என்றால் முன்கூட்டியே மதிப்பீடு அனுப்புவார்கள். இங்கேதான் பெரும்பாலான கோரிக்கைகள் செத்துப்போகின்றன: அந்த மதிப்பீட்டுக்கு 10 வேலை நாளில் எழுத்தில் பதில் தராவிட்டால் கோரிக்கையை நீங்களே திரும்பப் பெற்றதாகக் கணக்கு. மின்னஞ்சலின் குப்பைப் பெட்டியைத் தினமும் பாருங்கள்.

கேள்வி கேட்காதீர்கள், ஆவணம் கேளுங்கள். "ஏன் எங்கள் தெருவை விட்டுவிட்டீர்கள்?" என்பதற்குப் பதில் தரும் கடமை இந்தச் சட்டத்தில் இல்லை. "இன்ன ஆண்டின் சாலைத் தர மதிப்பெண் பட்டியல், இன்ன தெருவுக்கு" என்பதற்கு உண்டு. இல்லாத ஆவணத்தைப் புதிதாக உருவாக்கித் தரவும் வேண்டியதில்லை. தேதி வரம்பைச் சுருக்குங்கள். செலவும் குறையும், நாளும் குறையும்.

7. பட்ஜெட்: நாள்காட்டிதான் எல்லாம்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

டெக்சஸ் நகரங்களில் பெரும்பாலானவற்றுக்கு நிதியாண்டு அக்டோபர் 1-இல் தொடங்கி செப்டம்பர் 30-இல் முடிகிறது. மேனேஜர் உள்ள ஊரில் பட்ஜெட் அதிகாரி அவர்தான் என்று மாநிலச் சட்டமே சொல்கிறது. ஒரு ஊரின் எல்லாத் துறைகளின் வேண்டுகோளையும் ஒருவர் மேசையில் வைத்து, வருவாயோடு பொருத்தி, தன் பெயரில் பரிந்துரைக்கிறார். கவுன்சில் அதைத் திருத்துகிறது, ஏற்கிறது. தப்பானால் யாரைக் கேட்பது என்று தெரிகிறது. மேனேஜர் முறையின் பலம் முழுவதும் இந்த ஒரு இடத்தில்தான் இருக்கிறது. ஒவ்வொரு உறுப்பினரும் தன் வட்டாரத்துக்கு இவ்வளவு என்று பங்கு போட்டுக்கொள்ளும் பட்ஜெட்டில் தண்ணீர்க் குழாய் மாற்றுவதற்குப் பணம் ஒதுக்க யாருக்கும் மனம் வராது. பூமிக்கடியில் இருக்கும் குழாய்க்கு நாடா வெட்ட முடியாதே.

நாள்காட்டி ஏறத்தாழ இப்படிப் போகும்:

ஜனவரி–பிப்ரவரி: கவுன்சில் ஆண்டின் முன்னுரிமைகளை முடிவு செய்யும் சிறப்புக் கூட்டம். பொதுமக்கள் பார்க்கலாம். இருக்கைகள் காலியாகத்தான் இருக்கும்.

மார்ச்–மே: துறைகள் தங்கள் வேண்டுகோளை மேனேஜரிடம் தருகின்றன. புதிய நடைபாதை, நூலக நேரம், கிரிக்கெட் மைதானம் போன்றவற்றைக் கேட்க இதுதான் சரியான காலம். கேட்க வேண்டிய இடம் துறை இயக்குநர்.

ஜூலை 25: அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் இறுதி மதிப்புப் பட்டியலைத் தரும் நாள். அதன் பிறகே வரி விகிதக் கணக்கு உறுதியாகும்.

ஜூலை இறுதி–ஆகஸ்ட்: மேனேஜர் முன்மொழிந்த பட்ஜெட்டை சிட்டி செக்ரட்டரியிடம் தாக்கல் செய்வார். வரி விதிக்கும் நாளுக்கு 30 நாள் முன்பாவது இது நடக்க வேண்டும். தாக்கலுக்கு 15 நாள் கழித்தே பொது விசாரணை வைக்கலாம்.

செப்டம்பர்: பட்ஜெட்டுக்கும் வரி விகிதத்துக்கும் தனித்தனி வாக்கு. முந்தைய ஆண்டின் அதே வருவாயைத் தரும் விகிதத்துக்கு மேல் போக வேண்டுமென்றால் கவுன்சிலில் 60 சதவீத வாக்கு தேவை. 30,000 பேருக்கு மேற்பட்ட ஊர்களில், பராமரிப்பு வருவாய் பொதுவாக 3.5 சதவீதத்துக்கு மேல் உயரும்படி விகிதம் வைத்தால் நவம்பரில் வாக்காளர்களிடம் அனுமதி கேட்க வேண்டும்.

இந்த வரிசையைப் பார்த்தாலே புரியும்: ஆகஸ்ட் விசாரணையில் எழுந்து புதிய செலவு ஒன்றைக் கேட்பவர் ஐந்து மாதம் தாமதம். அதற்குள் எண்கள் கட்டப்பட்டுவிட்டன. ஒன்றைச் சேர்க்க வேண்டுமென்றால் இன்னொன்றை எடுக்க வேண்டும்.

ஆகஸ்டில் செய்ய வேண்டியது வேறு. பட்ஜெட் கூட்ட அறிவிப்போடு, ஊரின் நடுத்தர மதிப்புள்ள சொந்த வீட்டுக்கு இந்த ஆண்டு எவ்வளவு வரி, முன்மொழிந்த பட்ஜெட்டில் எவ்வளவு, வருவாயை உயர்த்தாத பட்ஜெட்டில் எவ்வளவு என்று டாலரில் ஒப்பிடும் குறிப்பும் 2025-லிருந்து இணைக்கப்பட வேண்டும். அந்த ஒரு பக்கத்தையும் மேனேஜரின் முன்னுரைக் கடிதத்தையும் படியுங்கள். கடிதத்தில் பார்க்க வேண்டியவை: பொது நிதியின் கையிருப்பு எத்தனை நாள் செலவுக்குப் போதும், ஒரு முறை மட்டும் வரும் பணத்தை ஆண்டுதோறும் தொடரும் செலவுக்குப் போட்டிருக்கிறார்களா, எத்தனை புதிய பணியிடங்கள். இரண்டாவது கேள்விக்கு ஆம் என்ற பதில் வந்தால் எழுந்து கேள்வி கேளுங்கள். நல்ல மேனேஜர் அந்தக் கேள்வியை வரவேற்பார்.

பாலம், பெரிய சாலை, தீயணைப்பு நிலையம் இவை பெரும்பாலும் ஆண்டு பட்ஜெட்டில் வராது. பல ஆண்டு மூலதனத் திட்டத்திலும், கடன் பத்திரம் வெளியிட வாக்காளர்களிடம் அனுமதி கேட்கும் பாண்ட் தேர்தலிலும் வரும். பாண்ட் பட்டியலைத் தயாரிக்கப் பல ஊர்கள் குடிமக்கள் குழு அமைக்கின்றன. அதில் இடம்பெற விண்ணப்பம் மட்டும் போதும், பணம் வேண்டாம்.

8. போர்டுகளில் சேருங்கள்

நூலகம், பூங்கா, திட்டமிடல், கட்டடத் தரம் என்று ஆலோசனை வாரியங்களுக்கு ஆண்டுதோறும் ஆள் தேடுகிறார்கள். சம்பளம் இல்லை. விண்ணப்பக் காலம் ஊருக்கு ஊர் மாறும். சிட்டி செக்ரட்டரி பக்கத்தில் தேதி இருக்கும். பதிவு செய்த வாக்காளராக இருக்க வேண்டும் என்று சில ஊர்கள் சொல்லும், அங்கே வசித்தால் போதும் என்று சில ஊர்கள் சொல்லும். முதலில் அதைப் படித்துவிட்டு விண்ணப்பியுங்கள். அதற்கு முன்னால், பல ஊர்கள் நடத்தும் இலவசக் குடிமக்கள் பயிற்சி வகுப்பை முடித்துவிடுங்கள். குடிநீர் நிலையம், காவல் கட்டுப்பாட்டு அறை எல்லாம் நேரில் காட்டுவார்கள். அங்கே அறிமுகமாகும் துறை இயக்குநர்கள் பின்னால் உங்கள் கடிதத்தை அக்கறையோடு படிப்பார்கள்.

ஒரு நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்பதை மாற்றும் மண்டல மாற்ற விசாரணைக்கு, 200 அடிக்குள் இருக்கும் சொத்து உரிமையாளருக்குக் குறைந்தது 10 நாள் முன்பு தபாலில் நோட்டீஸ் வரும். விளம்பரக் காகிதம் என்று நினைத்து எறிந்துவிடாதீர்கள்.

9. விசாவில் இருப்பவர்கள் கவனிக்க

கூட்டத்தில் பேசலாம், ஆவணம் கேட்கலாம், மேனேஜருக்கு எழுதலாம். வாக்களிக்கக் கூடாது. ஓட்டுநர் உரிமம் எடுக்கும்போது படிவத்தில், குடிமகனாக இருந்தால் வாக்காளராகப் பதிவு செய்ய விருப்பமா என்று ஒரு கேள்வி இருக்கும். அவசரத்தில் ஆம் என்று குறித்துவிட்டால், கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும்கூட நாடுகடத்தல் வரை போகக்கூடிய சிக்கல். ஒவ்வொரு வரியையும் படித்துக் குறியுங்கள்.

கிரீன் கார்டு இல்லாதவர் உள்ளூர்த் தேர்தல் உட்பட எந்தத் தேர்தலுக்கும் நன்கொடை தரக் கூடாது. இது கூட்டாட்சிச் சட்டம். கவுன்சில் வேட்பாளருக்காக நண்பர் வீட்டில் நடக்கும் நிதி திரட்டும் விருந்தில் 25 டாலர் சீட்டு வாங்கினாலும் அது நன்கொடைதான். கிரீன் கார்டு உள்ளவர் தரலாம், வாக்களிக்க முடியாது. சாசனத் திருத்த மனுவில் கையெழுத்துப் போடவும் அந்த ஊரின் தகுதியுள்ள வாக்காளராக இருக்க வேண்டும். கடை வாசலில் யாராவது அட்டையை நீட்டினால் மரியாதையாக மறுத்துவிடுங்கள்.

குடியுரிமை வாங்கியவர்கள் தேர்தலுக்கு 30 நாள் முன்பே வாக்காளராகப் பதிவு செய்திருக்க வேண்டும். நகரத் தேர்தல்கள் பல ஊர்களில் மே மாதம் முதல் சனிக்கிழமை நடக்கும். வாக்குப்பதிவு மிகக் குறைவு, அதனால் ஒரு குடியிருப்பு மொத்தமாகத் திரண்டாலே முடிவு மாறலாம்.

10. மேனேஜர் மீதே குறை என்றால்

கவுன்சில்தான் அவருடைய முதலாளி. அவருடைய வேலையைக் கவுன்சில் எடைபோடும் ஆண்டு மதிப்பீடு பூட்டிய அறையில் நடந்தாலும், அவருடைய ஒப்பந்தமும் சம்பளமும் பொது ஆவணங்கள். 6-ஆம் படியில் சொன்ன வழியில் வாங்கலாம். மதிப்பீடு எந்த மாதம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு முன் எல்லாக் கவுன்சிலர்களுக்கும் எழுதுங்கள். இங்கே கவுன்சிலரிடம் போவது சரியான கதவு.

அவர் ஐசிஎம்ஏ என்னும் சர்வதேச நகர, கவுண்டி மேலாண்மைச் சங்கத்தின் உறுப்பினர் என்றால் இன்னொரு வழியும் உண்டு. 1924-இல் ஏற்ற நெறிமுறைக் கோவை ஒன்று அந்தச் சங்கத்துக்கு இருக்கிறது. தேர்தல் அரசியலில் ஈடுபடாமை, பதவியைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தாமை எல்லாம் அதில் வரும். மீறினார் என்று ஆதாரத்தோடு யாரும் எழுத்தில் முறையிடலாம். விசாரணை ரகசியமாக நடக்கும். கண்டனத்திலிருந்து நீக்கம் வரை தண்டனை உண்டு. ஆனால் உங்கள் வீட்டு மாடிக்கு அனுமதி மறுத்தார் என்பதெல்லாம் அங்கே எடுபடாது. நெறிமுறை மீறலுக்கும் பிடிக்காத முடிவுக்கும் உள்ள வேறுபாட்டைப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

11. சாசனத் திருத்தம் வாக்குச்சீட்டில் வரும்போது

மேனேஜர் முறை நிரந்தரமல்ல. நகர சாசனத்தில் எழுதியிருப்பதால் இருக்கிறது. வாக்காளர்கள் மாற்றினால் போய்விடும். டல்லஸில் மேயருக்கு நிர்வாகத்தை மாற்றித் தரும் முயற்சியை 2005-இல் வாக்காளர்கள் இரண்டு முறை நிராகரித்தார்கள். ஆஸ்டினில் 2021 மே மாதம் வந்த அதே மாதிரித் திருத்தத்தைச் சுமார் 86 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். எல் பாசோ எதிர்த்திசையில் போய், 2004-இல் மேனேஜர் முறைக்கு மாறியது.

தகுதியுள்ள வாக்காளர்களில் 5 சதவீதம் அல்லது 20,000 பேர், இரண்டில் எது குறைவோ அத்தனை கையெழுத்து இருந்தால் திருத்தத்தை வாக்கெடுப்புக்கு வைத்தே ஆக வேண்டும். ஒரு முறை திருத்திவிட்டால் 2 ஆண்டுக்கு மறுபடி தொட முடியாது, எனவே தவறான திருத்தத்தை உடனே சரிசெய்ய வழியில்லை.

வாக்குச்சீட்டில் இருப்பது ஒரு வாக்கியச் சுருக்கம். அதை மட்டும் நம்பாதீர்கள். தேர்தலுக்கு முன் நாளிதழில் வெளியிடும் அறிவிப்பில் திருத்தத்தின் வாசகமும், அதனால் ஏற்படும் செலவின் மதிப்பீடும் இருக்க வேண்டும்; சிட்டி செக்ரட்டரியிடமும் கிடைக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஐந்து இடங்களைத் தேடுங்கள்: துறைத் தலைவர்களை நியமிப்பது யார், பட்ஜெட்டைத் தயாரிப்பது யார், மேனேஜரை அமர்த்துவதும் நீக்குவதும் முழுக் கவுன்சிலா தனி ஒருவரா, ஊழியர் விஷயத்தில் தலையிடக் கூடாது என்ற பிரிவு அப்படியே இருக்கிறதா, கவுன்சில் முடிவைத் தடுக்கும் அதிகாரம் மேயருக்குப் புதிதாக வருகிறதா. ஐந்தில் ஒன்று மாறினாலும் முறையே மாறத் தொடங்குகிறது என்று எடுத்துக்கொண்டு முழு வாசகத்தையும் படியுங்கள். ஒவ்வொரு திருத்தத்துக்கும் தனித்தனியாக வாக்களிக்கலாம். மற்றவை பிடித்திருக்கின்றன என்பதற்காக இதையும் சேர்த்து ஏற்க வேண்டியதில்லை. சாசனத் திருத்தங்கள் பெரும்பாலும் வாக்குச்சீட்டின் கடைசியில் இருக்கும். வேட்பாளர் பெயர்களோடு நிறுத்திவிடாமல் கீழே வரை போய்க் குறியுங்கள்.